சீக்கிரம் தேறுகிறவள்

மாமனாரின் திதிக்கு மூத்த மருமகள் கையால்தான் படையல் ஆகவேண்டும். அந்த மருமகள் தோவா ஒரு நாளும் புகை பிடிக்காதவள்; ஆனாலும் புற்றுநோய் வந்து அவளுடைய நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"மூச்சு வாங்குது லுயென். இந்த வருசம் மட்டும் நீ சமைச்சிடேன்," என்று நாத்தனாரிடம் கெஞ்சினாள்.

"கட்டிக்குடுத்த பொண்ணு படைச்சா எங்கப்பா தொடுவாரா அண்ணி? பொம்பளைங்க சீக்கிரம் தேறிடுவாங்கன்னு டாக்டரே சொன்னாரே!"

டாக்டர் ஆறுதலுக்குச் சொன்னதுதான். வீட்டுக்கு வந்ததும் அது கட்டளையாகிவிட்டது.

தோவா கணவனைப் பார்த்தாள். போன வருடம் இதே ஆபரேஷனுக்குப் பிறகு, மழைக்காலம் முடியும்வரை கியெம் படுக்கையிலேயே கிடந்தான். அவள்தான் கஞ்சி ஊட்டினாள், முதுகைத் தட்டிச் சளியை வெளியே கொண்டுவந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்களேன்."

"நீ என்னை மாதிரியா? உனக்குத் தெம்பு ஜாஸ்தி," என்றான் கியெம், பெருமையாக.

அவன் அதை மனதார நம்பினான். பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தையல் போட்ட விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோழியைக் கழுவ எழுந்தாள்.

"பார்த்தியாண்ணா," என்றாள் லுயென், "எந்திரிச்சிட்டாங்க."