மஞ்சள் கொடி

...சாம்பல் நிறந்தான், சந்தேகமே இல்லை, சரக்குக் கப்பலுக்கு எவன் சாம்பல் பூசுவான், கோணேசர் கோயில் மலையிலிருந்து இறங்கும்போது குலசிங்கத்தாரின் கால் நிலத்தில் படவில்லை, ஐம்பத்தெட்டு வயதுக் கால் என்று யார் சொல்வார்கள், மழைப் புகாருக்குள், அந்த மூட்டத்துக்குள், ஒருதரம் தெரிந்து மறைந்ததே, போதாதா, வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைக் கொடிமரத்தடியில் பதினைந்து வருஷம் நின்ற கண்ணுக்கு ஒருதரம் போதும். கப்பல் கொடியால்தானே கதைக்கும், நீலத்துக்குள் வெள்ளைச் சதுரம் என்றால் நான் புறப்படப் போகிறேன், தனி மஞ்சள் என்றால் என்னிடம் நோய் நொடி இல்லை, உள்ளே விடுங்கள்... சண்டைக்கு வந்தவன் மஞ்சளைக் கட்டிக்கொண்டு கெஞ்சுவானா? இதெல்லாம் தெரிந்தவன் இன்றைக்குத் திருக்கோணமலையில் எத்தனை பேர்? வெள்ளைக்காரன் ஐம்பத்தேழில் பெட்டி கட்டியபோது தந்துவிட்டுப் போன தூரக்கண்ணாடி பதினாலு வருஷம் அலுமாரிக்குள் கிடந்தது, அதை "உங்கட மூத்த பெண்சாதி" என்று பகிடி பண்ணுகிற மனைவி தங்கரத்தினமே, போன வெள்ளிக்கிழமை இந்தியாவும் பாகிஸ்தானும் வெளிப்படையாக மோதத் தொடங்கியதும், தேடி எடுத்துத் துடைத்துத் தந்தாள். இன்றைக்கு என்ன சொல்லி அனுப்பினாள்? பதினொரு மணிக்கு ஜெட்டியில நில்லுங்கோ, மூதூர் லோஞ்சால இறங்கேக்க பிள்ளைத்தாச்சி மகளுக்குக் கை குடுங்கோ, எட்டு மாதம், பலகை வழுக்கும் என்றாள். ஓம், ஓம் என்றுவிட்டு ஏழு மணிக்கே படியிறங்கியாயிற்று, கடலில் இரண்டு நாட்டுக் கப்பல்கள் ஒன்றையொன்று தேடித் திரிகிற நேரத்தில் பதினொரு மணிவரை எந்த மனுஷன் வீட்டில் இருப்பான்...

ஜெட்டியடியில் மஹ்ரூப் காக்காவின் தேத்தண்ணிக் கடை நிரம்பி வழிந்தது, தூரத்திலேயே கேட்டது, தபால் கந்தோர் அருளம்பலத்தின் குரல், "காக்கா, உங்கட ஆக்களிட்ட எத்தனை டாங்கி கிடக்காம்?" "எங்கட ஆக்களோ? நான் மூதூரான், எனக்கேது டாங்கி? ஆனா ஒண்டு சொல்லுறன், அவங்கட ஒருத்தன் பத்துப் பேருக்குச் சமன்." "உங்கட தேயிலையும் அப்பிடித்தானே காக்கா, ஒருதரம் போட்டது பத்துக் கோப்பைக்கு." சிரிப்பு அடங்குமுன்னே யாரோ, சிங்கம் ஐயா வாறார், கண்ணாடியோட வாறார் என்றான், அவ்வளவுதான், கதிரை வந்தது, கேளாமலே தேத்தண்ணி வந்தது, அவர் முதலில் பாதிக் கோப்பை குடித்தார், கடை முழுதும் தன் தொண்டைக்குழியைப் பார்ப்பதை உணர்ந்தார், பிறகு, "ஒண்டு நிக்குது" என்றார். எந்த நாட்டுக் கப்பல் ஐயா? "அதை இப்ப சொல்லேலாது." அட, தெரியாது என்பதை இப்படிச் சொன்னால் எவ்வளவு மரியாதை... பீரங்கி கிடக்கோ? முன்னுக்கு ரெண்டு, என்றார், கன்வஸ் துணி போட்டு மூடியிருந்தது உண்மைதான், மூடின சாமான் பீரங்கி இல்லாமல் மாங்காய்க் கூடையா? இன்னொருவன் கேட்டபோது பின்னுக்கும் இரண்டு முளைத்துவிட்டது, தானாகத்தான் முளைத்தது, அவர் என்ன செய்வார்.

குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகை ஓட்டுகிற முனாப் மட்டும் சிரிக்கவில்லை, எட்டரைக்குப் புறப்பட வேண்டியவன், எழுந்துபோய்க் கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான். "சிங்கம் ஐயா சொன்னாப் பிறகு நான் குடாவுக்குள்ள இறங்க மாட்டன். அவனுகளுக்கு லோஞ்சும் ஒண்டுதான், சண்டைக் கப்பலும் ஒண்டுதான். எனக்குக் கட்டிக்குடுக்க மூணு குமர் இரிக்கி." ஏறியிருந்த சனம் மூட்டை முடிச்சுகளோடு இறங்கியது, ஒருவர்கூட மறுத்துக் கதைக்கவில்லை, தன் ஒரு சொல்லுக்கு... நாற்பத்திரண்டில் யப்பான்காரன் குண்டு போட வந்த காலையில் ஆபத்துக் கொடியை ஏற்றிய கை இது, அன்றைக்கும் இப்படித்தான், கை அசைந்ததும் துறைமுகமே அசைந்தது, பயமா, பயமேது, அதைப்போல ஒரு சந்தோஷம் கலியாணத்தன்றுகூட வந்ததில்லை என்று யாரிடம் சொல்வது. அப்போதுதான் அருளம்பலம் கேட்டார், சும்மா கேட்பதுபோல, "அண்ணை, மகள் இண்டைக்கு வாறா எண்டனீங்கள்... எதில வாறா?"

கோப்பையில் ஈ விழுந்து கிடந்தது, அதையே பார்த்தார். எதில் வருவாள், இந்த லோஞ்சில்தான், இது போனால்தானே திரும்பிவரும், மழையில் ஆறு பெருகித் தரைப்பாதையின் தோணித் துறைகளெல்லாம் மூடிக் கிடக்கிறதே, தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு நாள் பார்த்துக் மருமகனின் ஊர் கட்டைபறிச்சானிலிருந்து விடிய முன்னமே வண்டி கட்டியிருப்பார்கள், இராசமலர் இப்போது மூதூர் ஜெட்டியில் மழைக்குள் நிற்கிறாள், இருக்க ஒரு வாங்குகூட இல்லாத இடம், தாயைப் போலவே இடுப்பு வலிவு இல்லாத பிள்ளை, தங்கரத்தினத்துக்கும் எட்டாம் மாதத்திலேதானே பிள்ளை நோவு கண்டது, பெரியாஸ்பத்திரிக் கட்டில் இல்லாவிட்டால் தாயுமில்லை மகளுமில்லை... "முனாப் தம்பி." கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் கடைசியாப் பார்த்தது மஞ்சள் கொடி. சரக்குக் கப்பல்தான். உள்ள வரக் கேட்டுக்கொண்டு நிக்குது." "அப்ப பீரங்கி?" "பாரந்தூக்கி." "நாலுமா?" "நாலும்." மஹ்ரூப் காக்கா வடைத் தட்டில் தாளம் போட்டார், ஒரு கோப்பைத் தேத்தண்ணியோட நாலு பீரங்கியை விழுங்கின மனுஷனை இண்டைக்குத்தான் கண்டன், கடை குலுங்கியது, சிரிக்கட்டும், வயிறு நோகச் சிரிக்கட்டும். முனாப் மட்டும் கிட்ட வந்து நின்றான். "கண்ணால கண்டனீங்களா ஐயா? உங்கட சொல்லிலதான் போறன்." "கண்டனான்."

கயிறு அவிழ்ந்தது, சனம் திரும்ப ஏறியது, டுப்டுப் என்று லோஞ்ச் போயிற்று, பதினொரு மணிக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கிறது, கால்கள் தாமாக மலைக்கு ஏறின. கண்டேனா? புகார் விலகியது ஒரு கணம், சாம்பல் நிறம், மேலே ஏதோ துளியாக... மஞ்சளா, கடற்காகமா, கண்ணாடியில் ஒட்டிய மழைத்துளியா... பீரங்கி என்றபோது எந்தக் குரல் வந்ததோ அதே குரலில்தான் கொடியும் வந்தது, எது பொய் என்று முனாப் கேட்டிருந்தால்கூடச் சொல்லத் தெரியாது, எதைச் சொன்னாலும் இந்த ஊர் நம்புகிறதே, லோஞ்ச் திரும்பி வரும்போது அதற்குள் பிள்ளை இருப்பாளே... உச்சியில் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது, வலக்கைப் பக்கம் குடா, தீப்பெட்டி அளவில் முனாப்பின் லோஞ்ச் புகாருக்குள் நுழைகிறது, அதற்கு அப்பால் புகார் கிழிகிறது, மெல்ல, சாம்பலாக ஒரு கப்பல் மூக்கு... தூரக்கண்ணாடியைக் கண்ணோடு அழுத்தினார், நெஞ்சு படபடத்தது, காலையில் அடித்த அதே அடி, அந்தப் பழைய சந்தோஷத்தின் அடி, கண்ணாடி கப்பலின் முன்பக்கமாக ஊர்ந்து கன்வஸ் மூடிய இடத்தைத் தேடியது, இன்னும் கிட்ட, இன்னும் கொஞ்சம்... கொடிமரத்தைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்?