மலைக்கு அந்தப் பக்கம்

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். அதன் கீழே எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி: உன் ஜன்னலில் தெரிவதை வரை, அதைப் பற்றி மூன்று வாக்கியம் எழுது. தான் எழுதிய ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் வெனிங் தன் ஆசைக்காகச் சேர்த்தது அது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் பாடநூல் குழு கேட்டது.

"சோதனைப் பிரதியில படம் அச்சாகலைன்னு மூணு பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்துடுச்சு, இபு," என்றார் பதிப்பாசிரியர் பாக் ஹெந்தார்த்தோ; அங்கே மரியாதைக்குப் பெண்ணை 'இபு' என்றும் ஆணை 'பாக்' என்றும் அழைப்பார்கள். "வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகணும். ஏதாவது ஒரு படத்தைப் போட்டுடலாமே."

"பசங்க என்ன வரைஞ்சிருக்காங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"போய்ப் பாருங்க. நான் பாத்தாச்சு," என்று சிரித்தார்.

துபான் ஊரில் கடலை ஒட்டிய ஒரு பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்திப் பார்த்திருந்தார்கள். ஆசிரியை சுலாஸ்த்ரி முப்பத்திரண்டு தாள்களை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் இரண்டு முக்கோண மலைகள், நடுவில் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் சாலை, இருபுறமும் வயல். வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே மீன்பிடிப் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன.

"நான் சொல்லித் தரலை, சத்தியமா," என்றார் சுலாஸ்த்ரி. "படம் வரைன்னா இதுதான் வருது. எனக்கும் இதுதான் வரும். உங்களுக்கு?"

வெனிங் ஒரு தாளின் ஓரத்தில் சும்மா பேனாவை ஓடவிட்டாள். கோடு ஏறி இறங்கியது, பக்கத்திலேயே இன்னொன்று. சூரியனுக்கு இடம் தானாக விழுந்திருந்தது. காலி இடம் கொடுத்தால் மனம் திறந்துகொள்ளும் என்று எதை வைத்து நம்பினோம்? வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தச் சாலையைத் தானும் எத்தனையோ முறை வரைந்திருக்கிறாள். ஒருமுறைகூட அதில் நடந்து பார்க்கவில்லை.

முன்வரிசையில் இருந்த தியாஸ் என்ற பெண்ணிடம், "இந்த ரோடு எங்கம்மா போகுது?" என்று கேட்டாள்.

"மலைக்கு."

"அந்தப் பக்கம்?"

தியாஸ் தன் படத்தையே புதிதாகப் பார்த்தாள். "எங்கப்பா இருக்காரு. கடல் தாண்டி, கலிமந்தான் தீவுல நிலக்கரி லாரி ஓட்டுறாரு."

"பொய், இபு. அந்தப் பக்கம் கடல்தான்," என்றான் பின்னாலிருந்த ரோக்கிம். "ரோடு தண்ணிக்குள்ள போயிடும்."

"அப்ப லாரி முங்கிடாதா?"

"அடியிலயும் ரோடு இருக்கு, லூசு."

"என் ரோட்டுல யாருமே வர முடியாது," என்றாள் இன்னொருத்தி. "பாலம் ஒடைஞ்சிருச்சு."

"எங்கடி பாலம்? காணோமே?"

"மலைக்குப் பின்னாடி இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்கிலீஷ்ல, இங்கிலீஷ்ல," என்று சுலாஸ்த்ரி அதட்டினார். வகுப்பு ஒரு கணம் திணறியது. "இபு, முங்குறதுக்கு என்ன வார்த்தை?" "ஒடைஞ்சதுக்கு?" கரும்பலகை நிறையத் தொடங்கியது.

வெனிங் வராந்தாவுக்கு வந்து பதிப்பகத்துக்குப் போன் செய்தாள்.

"பாக், அந்தக் கட்டத்தை எடுத்துடுங்க."

"அப்பாடா. என்ன படம் போட?"

"ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு ரோடு."

"அதைத்தானே எல்லாரும் வரையுறாங்க?"

"அதனாலதான். இனி வரைய வேண்டாம். கீழே ஒரே கேள்வி: மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஆசிரியர் கையேட்டுக்கு விடை வேணுமே, இபு."

"ஒண்ணு போட்டா எல்லாரும் அதையே எழுதிடுவாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம மூணு போடுங்க. சொல்றேன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். பிறகு, "இதுல எது சரி?" என்று கேட்டார்.

உள்ளே லாரி முங்குமா முங்காதா என்ற சண்டை அரைகுறை ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தது.

"இன்னும் முடிவாகலை, பாக்," என்றாள் வெனிங்.