உலகப்பன் கொழுப்பைக் கரைத்த முப்பது நாள்

கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு கையும் ஜிந்துப்பிட்டி முருகனுக்கு மறு கையுமாக, யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி இரண்டையும் உயர்த்திச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்கு எழுபத்தொன்பது வயது. பொய் சொல்வதற்கு ஞாபகசக்தி வேண்டும், அது என்னிடம் இல்லை. கஞ்சா என்ற பொருளை என் நாக்கு அறியாது என்பதையும் அதே சத்தியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலகப்பன் கொட்டாஞ்சேனையில் என் அடுத்த வீட்டுக்காரர். ஒருகொடவத்தையில் இருபத்தாறு வருடமாகக் கொள்கலன் லொறி ஓட்டியவர். வேறு தொழில் தெரியாது. சைக்கிளில் ஏற்றிவிட்டால்கூட, பின்னால் நாற்பதடிப் பெட்டி வருவதாக நினைத்து வளைவில் அகலமாகத் திரும்பிச் சாக்கடையில் விழுவார்.

மற்றவர்கள் சாப்பிட்டபின் வெற்றிலை போடுவார்கள். இவர் மதனமோதகம் போடுவார். நெல்லிக்காய் அளவில், கறுப்பாய், தித்திப்பாய் இருக்கும் ஆயுர்வேத உருண்டை. லொறிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே நதீஷாவின் பெட்டிக்கடையில் பாக்குக்கும் சுருட்டுக்கும் நடுவே பகிரங்கமாக இருக்கும். அதைப் போட்டால் வயிறு லேசாகும், முதுகு வலிக்காது, இழுக்கிற பெட்டி வெறும் பெட்டி போலத் தோன்றும். அதில் கஞ்சா இலை சேர்ந்திருக்கிறது என்று பொட்டலத்திலேயே சிங்களத்தில் அச்சடித்திருந்தார்கள். உலகப்பன் சிங்களத்தில் சண்டை பிடிப்பார், பாட்டுப் பாடுவார். வாசிக்க மட்டும் தெரியாது.

சென்ற வருடம் கொம்பனியில் புது மனேஜர் வந்தார். சாரதிகள் எல்லாரும் வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்றார். ‘மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா?’ என்று படிவத்தில் கேட்டிருந்தது. உலகப்பன் நெஞ்சை நிமிர்த்தி ‘இல்லை’ என்று எழுதினார். சிறுநீரில் கஞ்சாவின் அளவு ஐம்பதுக்குமேல் போனால் குற்றம். அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு.

விளக்கம் கேட்க நானும் கூடப் போனேன். ஆய்வுகூடத்தில் பஹ்மிதா என்ற பிள்ளை இருந்தது. முகத்தில் கோபமே வராத, எல்லாரையும் ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் பிள்ளை.

"நான் கஞ்சா அடிச்சதே இல்ல தங்கச்சி. பீடிகூட இல்ல," என்றார் உலகப்பன்.

"அடிக்கத் தேவல்ல நானா. தின்டாலும் ஒன்டுதான். மோதகம் ஏதும் தின்னுறயா?"

உலகப்பன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது ஆயுர்வேதம்மா."

"உங்கட ஈரலுக்கு ஆயுர்வேதமும் தெரியா, இங்கிலீஸும் தெரியா. அது ஒடச்சிப் போடுற சாமானத்தான் மெசின் தேடுது. அது கொழுப்புல போய்க் குந்திக்கொள்ளும். எடக்கெட கொஞ்சம் தின்டவங்களுக்கு நாலஞ்சி நாள்ல போகும். நீங்க எத்தின வருசம்?"

"இருவது."

அந்தப் பிள்ளை பேனாவை மூடி வைத்தது. "ஒரு மாசத்துக்கு மேலயும் நிக்கும் நானா."

மனேஜர் கொடுத்த தவணை சரியாக முப்பது நாள். அதற்குப் பிறகு இன்னொரு சோதனை. அதிலும் தவறினால் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும். ஐம்பத்துநான்கு வயதில், இப்படி ஒரு துண்டுக் கடதாசியோடு, வேறு எந்தக் கொம்பனியும் ஏற்றாது.

உலகப்பன் நேரே நதீஷாவிடம் போய்ச் சத்தம் போட்டார்.

"கன்ஸா எண்டு ஏன் சொல்ல இல்ல?"

"அய்யே, இருவது வருசம் நீங்க கேக்க இல்லதானே! பக்கெட்டில இருக்கி. வாசிக்கத் தெரியாதா?"

அவர் திரும்பி நடந்தார். தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிடப் போதைக்காரன் என்ற பெயர் மேல் என்று நினைத்திருப்பார்.

கொழுப்பில் இருக்கிறதென்றால் கொழுப்பைக் கரைப்போம் என்றேன். யோசனை என்னுடையதுதான். மறுநாளிலிருந்து விடியற்காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை கடற்கரைத் தண்டவாள ஓரமாக நடந்து போய் நடந்தே திரும்பினார். மூன்று பனியனுக்குமேல் மழைக்கோட்டு. நான் ரயிலில் போய்க் காத்திருக்கும் பம்பலப்பிட்டி ஸ்டேசனில் உட்கார்ந்து பனியனைப் பிழிவார். அந்த நீரைக் குடித்த காகங்கள் பிளாட்பாரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ரயில் வரும்போதும் எழும்ப மாட்டோம் என்றன. ஒரு காகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. காகம் சிரித்து நான் கண்டது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான்.

"புருசன் ஒரு ஆளா இருந்தான். இப்ப ஹேங்கர்ல சட்டை தொங்குது," என்றாள் அவர் மனைவி சிட்டாள். "அண்ணே, நீங்க குடுக்கிற யோசனையில வேலை போறதுக்கு முன்ன இவரு சுடுகாட்டுக்குப் போயிருவாரு."

சோறு நின்றது. பதினோரு கிலோ குறைந்தார். இரவில் தூக்கமில்லை, பசியில்லை. மோதகம் நின்றால் அப்படித்தான் என்று பஹ்மிதா சொல்லியிருந்தது. இருபத்தெட்டாம் நாள் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"போகலன்னா?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது கதைக்கு முக்கியமில்லை.

முப்பதாம் நாள் காலையில் வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போனோம். யாரும் தண்ணீர் கலக்காதபடி கழிப்பறைக் குழாயை அடைத்து வைத்திருந்தார்கள். குப்பியின் பக்கத்தில் ஒரு பட்டி ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது உடம்புச் சூட்டில் இருந்தால்தான் அது நிறம் மாறும். பஸ்ஸில் வரும்போது என் அக்குளில் ஒரு சின்ன இருமல் மருந்துப் போத்தலை இடுக்கிக்கொண்டிருந்தேன். இருமல் மருந்து சூடாக இருப்பது நல்லது.

பட்டி நிறம் மாறியது. பஹ்மிதா தலையாட்டியது. வெளியே வந்து உலகப்பன் முப்பது நாளில் முதல்தடவையாக ஒரு வடை சாப்பிட்டார்.

நான்காம் நாள் முடிவு வந்தது. இருநூற்று எட்டு.

பஹ்மிதா கடதாசியை இரண்டு தடவை பார்த்தது. "பட்டினி கெடந்தா கொழுப்பு கரையும் நானா. உள்ளுக்கு ஈந்ததெல்லாம் ஒரே அடியா ரத்தத்துக்கு வந்திருக்கும். நீங்க சும்மா ஈந்திருக்கலாம்."

சும்மா இருந்திருக்கலாம். அதைக் கேட்டு அவர் அழவில்லை. அன்று மாலையே சாவியை மேசையில் வைத்தார். காவலாளி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு இருபத்தாறு வருடப் பழக்கத்தில் சலூட் அடித்தான், பிறகு கேட்டைப் பூட்டினான்.

இப்போதும் பின்னேரங்களில் கொம்பனி மதிலோரம் போய் நிற்கிறார். அவருடைய லொறியை ஒரு புதியவன் ஓட்டுகிறான். வளைவில் கியர் உரசும் சத்தம் கேட்டால் இவருடைய இடது கால் தன்பாட்டில் தரையை மிதிக்கிறது. சிட்டாள் என்னோடு கதைப்பதில்லை. குறைந்த பதினோரு கிலோவும் அவருக்குத் திரும்பி வரவில்லை.

ஒரு நாள் மதிலோரத்தில் என்னைக் கேட்டார்:

"அண்ணே, நெசமாவே நீங்க அதத் தொட்டதே இல்லையா?"

அந்தோனியாரையும் முருகனையும் சாட்சிக்கு அழைத்தேன்.

இரண்டாவது தடவை குப்பியில் ஊற்றப்பட்டது அவருடைய சிறுநீர் அல்ல, என்னுடையது.