பக்கத்து சீட்டு பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். கத்துவது உபதொழில். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் காலைவிட வாய்தான் முந்தும் என்று பேர் வாங்கியவன் நான்.

போன வருடம் அந்த வாய் மூடிக்கொண்டது. எழுந்து பல் தேய்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. படிக்க வந்தவர்கள் தப்பான கியரைப் போட்டாலும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். "சார் மாதிரி பொறுமைசாலிய பார்க்க முடியாது" என்று மெச்சினார்கள். உயிரோடு இருக்கவே பிடிக்காதவனுக்கு இப்படி ஒரு நற்பெயர்!

மனச்சோர்வுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் என்னிடம் தோற்றன. கடைசியில் டாக்டர் கெட்டமைன் என்றார். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் மருந்தாம். குறைந்த அளவில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்களாம்.

"எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டேன். கேட்டா சீக்கிரமே தெரியும். ஆனா ஏத்துன அன்னைக்கு நீங்க வண்டி ஓட்டக் கூடாது. யாராவது கூட வரணும்."

யாராவது என்றால் என் மனைவிதான். கல்யாணமான புதிதில் நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் தாங்காமல், நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தவள். இப்போது எனக்காகவே வேறு இடத்தில் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அதுவும் என் போட்டிக்காரனிடம்! அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. அதில்தான் அவள் பயந்துபோனாள்.

இரண்டு முறை ஏற்றினார்கள். சாய்வு நாற்காலியில் கிடந்த என் கால்கள் வேறு யாருடையவையோ போலத் தெரிந்தன. நர்ஸ் வந்து வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். திரும்பும்போது காரில் மூட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

மூன்றாவதும் கேட்காவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று இருந்தேன். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பஸ் ஒன்றின் முன்னால் சட்டென்று திரும்பினாள். என் கால் தரையை ஓங்கி மிதித்தது. வீட்டுக் காரில் அந்தப் பக்கம் பிரேக் ஏது?

"இண்டிகேட்டர் யாரு போடுவா? உங்கப்பா வந்து போடுவாரா?"

காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். போச்சு, மறுபடியும் இறங்கி நடக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல... இண்டிகேட்டர்..."

"முழுசா சொல்லுங்க."

சொன்னேன். ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதாள். சிரிப்பும் கூடவே வந்தது.

"ஒரு வருஷமாச்சுங்க, எங்கப்பாவ நீங்க வம்புக்கு இழுத்து."

மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். அடுத்த திருப்பத்தில் ஆளே இல்லை. அங்கும் இண்டிகேட்டர் போடவில்லை. வேண்டுமென்றேதான். வாத்தியாருக்கா தெரியாது? இருந்தாலும் தொண்டை கிழியக் கத்தினேன்.