எஞ்சினில் கோளாறு இல்லை

டிரில் மாஸ்டர் ஓய்வுபெற்ற மூன்றாம் வாரத்தில் வாங்கிய படகுக்கு, அவருக்கு முன்பே இரண்டு சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அதற்கான சாட்சியம் படகெங்கும் கிடந்தது: நடுப்பலகையில் மீன் அறுத்த கத்திக் கோடுகள், விளிம்பில் மூன்று அடுக்குச் சாயம், எத்தனை முறை கழுவினாலும் மூலையிலிருந்து ஒன்றிரண்டாக எட்டிப்பார்க்கும் செதில்கள். மாஸ்டர் இவற்றில் எதையும் குறையாகக் கருதவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் விசிலோடு நின்றவருக்கு, யாரும் வரிசையில் நிற்க வேண்டியிராத ஓர் இடம் அகப்பட்டதே பெரிய காரியம். வாரம் இருமுறை விடியற்காலையில் ஏரிக்குப் போவார். நடுவில் எஞ்சினை அணைத்து, தூண்டிலைப் போட்டுவிட்டு, வாய்விட்டுப் பாடுவார். பாட்டு சுமார்தான். மீன்கள் ஆட்சேபித்ததில்லை; அதிகம் வந்ததும் இல்லை.

"உங்க ரெண்டாம் சம்சாரம் எப்படி இருக்கா?" என்பாள் மனைவி, அவர் திரும்பும்போதெல்லாம்.

"உன்னை மாதிரிதான். கிளப்புறதுக்குள்ள பாதி உயிர் போயிடுது."

சொல்லும்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்பும் பழைய எஞ்சின் அது; படகின் பின்பக்கம் கழற்றி மாட்டலாம். முதல் மாதம் இரண்டு இழுப்பில் கிளம்பியது. மழைக்காலம் முடிந்தபோது ஐந்தாயிற்று. பிறகு ஏழு, ஒன்பது. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று அவர் தீர்மானித்தார். பிளக்கை மாற்றினார், பெட்ரோல் குழாயை மாற்றினார். மெக்கானிக்கிடம் முதல் தடவை எஞ்சினைத் தோளில் சுமந்து சென்றார். மூன்றாம் தடவை தள்ளுவண்டி தேவைப்பட்டது. அதற்கும் எஞ்சினின் கனத்தையே குறை சொன்னார்.

தம் உடம்பைப் பற்றி அவருக்குச் சந்தேகமே எழவில்லை என்று சொல்ல முடியாது. சட்டைப் பொத்தான் போடுவதற்கு நேரம் பிடித்தது. சாவி பூட்டில் திரும்ப மறுத்தது. அதற்கு அவரிடம் மருந்து இருந்தது: தண்டால். அறுபது எடுத்தவர் எண்பது என்று இலக்கு வைத்தார். நாற்பதில் கவிழ்ந்தபோது, மறுநாள் முதல் இரண்டு வேளை எடுத்தார். கையில் வலுவில்லை என்று சொன்ன எந்த மாணவனையும் அவர் நம்பியதில்லை. நான்கு சுற்று ஓடிவிட்டு வந்து சொல்லச் சொல்வார். தம்மையும் அவர் நம்பவில்லை.

மெக்கானிக் அவரிடம் படித்தவர்; அந்தச் சுற்றுகளை ஓடியவர்.

"எங்களை ஓடவிட்டீங்க. இப்போ எஞ்சின் உங்களை ஓடவிடுது, பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டே எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மாட்டினார். இடக்கையில் டீ கிளாஸ். வலக்கையால் ஓர் இழுப்பு. எஞ்சின் உறுமியது.

"உனக்கு மட்டும் நடிக்குது. அணை, நான் காட்டறேன்."

மாஸ்டர் பதினொரு முறை இழுத்தார். மெக்கானிக் ஆறாவது முறையிலேயே சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"சார், கையைக் கொஞ்சம் காட்டுங்க."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சதை இருக்கவேண்டிய இடம், ஈரமண்ணில் கட்டைவிரலை அழுத்தியதுபோல் குழிந்திருந்தது.

"எப்பலேர்ந்து இது?"

"எது?" என்றார் மாஸ்டர். அவர் உண்மையாகவே கவனித்ததில்லை.

"எஞ்சின்ல கோளாறு இல்ல சார். டாக்டரைப் பாருங்க. இனிமே இதைத் தூக்கிட்டு இங்க வராதீங்க."

பரிசோதனைகளுக்கு ஐந்து வாரங்கள் ஆயின. நரம்பு மருத்துவர் அவருடைய மகள் வயதுப் பெண்; நோயின் நீண்ட பெயரைத் தாளில் எழுதி, மனைவியின் பக்கமாக நகர்த்தினாள்.

"நான் டிரில் மாஸ்டர்மா. பயிற்சி பண்ணினா சரியாயிடுமா?"

"லேசா நடக்கலாம் சார். தண்டாலை நிறுத்திடுங்க. களைச்சுப்போன தசையை விரட்டி வேலை வாங்கக் கூடாது."

"போன வலு திரும்பி வருமா?"

"வராது. மிச்சம் இருக்கறதை எவ்வளவு நாள் காப்பாத்தலாம்னு பார்ப்போம்."

முயன்றால் உடம்பு கேட்கும் என்பது அவர் மாணவர்களுக்குச் சொன்ன பாடம் மட்டுமன்று. அவர் வேறெதையும் அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சாலையோரம் ஓடிப் பயிற்சி செய்பவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர்களில் ஒருவரும் எதையும் நிரூபிப்பதாகத் தெரியவில்லை. கால்கள் இருந்தன, ஓடினார்கள்.

செருப்பைக் கழற்றும்போதே, "படகை வித்துடலாம்," என்றார்.

"சக்களத்தி போனா எனக்குச் சந்தோஷம்தான்," என்றாள் மனைவி. "வித்துட்டு எங்க உட்காருவீங்க? அடுப்படி வாசல்லயா? நான் கொத்தமல்லி நறுக்கறதுக்கு விசில் ஊதிக்கிட்டு?"

"இழுக்க முடியலடி." இத்தனை மாதங்களில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"நான் இழுக்கறேன். சொல்லிக் குடுங்க."

"உனக்குத் தண்ணின்னாலே பயம்."

"பயந்தவங்க ஏறக் கூடாதுன்னு படகுல எழுதி ஒட்டியிருக்கா என்ன?"

மறுநாள் காலை, ஏரிக்கரையில் கட்டியிருந்த படகில், அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினுக்கு முன்னால் நின்றாள். அவர் தம் பழைய குரலை வரவழைத்துக்கொண்டார். "காலை அகட்டி வை. மணிக்கட்டால இழுக்காதே, தோளால இழு. மூச்சை விட்டுக்கிட்டே இழு." நான்காம் இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. அவள் தன் கையையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

எஞ்சினைப் பிடிப்பவர் பின்னால் உட்கார வேண்டும். அதனால் முதல்முறையாக அவர் முன்பலகைக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் படகே இல்லை, வெறும் தண்ணீர்தான். கையால் செய்வதற்கும் ஒன்றுமில்லை. மடியில் கிடந்த கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார்.

"ஏங்க, எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று அவள் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

அவர் உடனே திரும்பவில்லை.

"உங்களைத்தாங்க!"

"இடது பக்கம் போகணும்னா பிடியை வலது பக்கம் தள்ளு," என்றார் திரும்பி. முகம் நனைந்திருந்தது. "முன்னாடி உட்கார்ந்தா தண்ணி தெறிக்குது."

ஏரியில் அன்று அலையே இல்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள்.