மூன்று அலுவலகங்களின் நெருப்பு

மெலிசோரி என்ற எங்கள் கடலோர ஊருக்கு மேலே இருந்த பைன் காட்டில், செம்மறியாட்டின் அளவுள்ள ஒரு நெருப்பு ஒன்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மின்னல் விழுந்த ஒரு ஜூலை மாலையில் வந்தது, போகவில்லை. மழை பெய்தால் கொஞ்சம் ஒடுங்கும், வெயில் வந்தால் பழையபடி ஆகும். தான் உட்கார்ந்த மரத்தை எரிக்காமல் அதன் அடியில் சாய்ந்துகொண்டு புகைந்துகொண்டிருக்கும். பனிக்காலத்தில் ஆடுகள் அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. அடுத்த வீட்டு நாய்க்குப் பழகுவதுபோல ஊர் அதற்குப் பழகிவிட்டது.

பழகாதவள் என் தங்கை பொலிக்ஸேனி மட்டும்தான். நெருப்புக்கு மிக அருகில் இருந்தது அவள் வீடு. கணவன் கடலோடு போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியவை பைன் மரங்களுக்கு நடுவே வைத்திருந்த தேனீப் பெட்டிகள். காற்று திசை மாறினால் முதலில் வேகப்போவது தானும் தன் தேனீக்களும்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தேவாலய வாசலிலும் ரொட்டிக் கடையிலும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதிகாரிகள் வராமல் இல்லை. வனத்துறை திங்கட்கிழமை வந்தது. மரம் எங்களுடையது, நெருப்பு எங்களுடையதல்ல என்றது. தீயணைப்புத் துறை புதன்கிழமை வந்தது. நெருப்பு எங்களுடையதுதான், ஆனால் காட்டுப் பாதையை வனத்துறை சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது, மேலே தண்ணீரும் இல்லை என்றது. நகராட்சி வெள்ளிக்கிழமை வந்தது. தண்ணீர் லாரி எங்களுடையது, எங்கள் எல்லை சங்கிலியோடு முடிகிறது என்றது. மூவரும் சொன்னது உண்மை. மூன்று அலுவலகங்களும் மாவட்டத் தலைநகரில் ஒரே சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்தன. ஒன்றின் ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் மற்ற இரண்டுக்கும் கேட்கும். யாரும் கூப்பிட்டதில்லை.

மூன்று துறைகளுக்கும் ஊரில் ஒவ்வோர் ஆள் இருந்தான். சங்கிலியின் சாவி வனக்காவலர் லாம்ப்ரோஸின் இடுப்பில் தொங்கியது. தீயணைப்பு வீரன் அர்கிரிஸின் கொட்டகையில் குழாய்ச் சுருள்கள் இருந்தன. ஃபோட்டிஸ் நகராட்சியின் தண்ணீர் லாரியை ஓட்டினான். மூவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். மாலைதோறும் காபிக்கடையில் ஒரே மேசையில் சிப்புரோ சாராயம் குடித்தார்கள்.

மாதாவின் திருநாளுக்கு முந்தைய மாலை பொலிக்ஸேனி அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மரம் இவனோடது, நெருப்பு என்னோடது, தண்ணி அவனோடது. அப்ப புகை யாரோடதுடா?" என்று அர்கிரிஸ் கேட்டுக்கொண்டிருந்தான்.

"புகை அக்காவோடது. அவங்கதான இருமுறாங்க" என்றான் ஃபோட்டிஸ்.

பொலிக்ஸேனி சிரிக்கவில்லை. "மூணு தடியனுங்க, ஒரே பாட்டில். குடிக்கிறதுக்கு மட்டும் எந்தத் துறையும் குறுக்க வரல, பாத்தியா? நாளைக்கு ஆபீஸ் உண்டா?"

"திருநாளாச்சே. மூணும் பூட்டு."

"அப்ப நாளைக்கு நீங்க யாரு?"

லாம்ப்ரோஸ் யோசித்துச் சொன்னான்: "நாளைக்கு நாங்க யாருமே இல்லக்கா."

"அப்படியே வாங்க. யாருமே இல்லாதவங்களா வாங்க."

மறுநாள் பூசை முடிந்ததும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மூவரும் மலையேறினார்கள். லாம்ப்ரோஸ் சங்கிலியைத் திறந்தான். ஃபோட்டிஸ் லாரியை ஏற்றினான். அர்கிரிஸ் குழாயை விரித்தான். அப்போதுதான் லாரியின் வாயும் குழாயின் வாயும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்று தெரிந்தது. இரண்டு துறைகளும் வெவ்வேறு அளவில் வாங்கியிருந்தன. இத்தனை ஆண்டுகளில் யாரும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில்லை. பொலிக்ஸேனி தேன்மெழுகைப் பிசைந்து இணைப்பில் அப்பி, தன் தோல் கையுறையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். தண்ணீர் பாய்ந்தது. தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல நெருப்பு ஒரு சத்தம் எழுப்பிவிட்டுச் சுருங்கத் தொடங்கியது. லாரி காலியானபோது அது ஒரு கோழியின் அளவுக்கு வந்திருந்தது.

"இன்னும் ஒரு லோடு போதும்" என்றான் அர்கிரிஸ். பொழுது சாய்ந்துவிட்டது, ஊர்க் கிணற்று மோட்டாரும் திருநாளுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. நாளைக்கு முடித்துவிடலாம் என்று இறங்கி வந்தார்கள். சதுக்கத்தில் அவர்களைத் தோளில் தூக்கி ஆடினார்கள். பொலிக்ஸேனியும் ஆடினாள், அவள் ஆடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஊர்த்தலைவர் தியோஃபானிஸ் மூன்று அலுவலகங்களுக்கும் போன் செய்து மனதார நன்றி சொன்னார். உதவி செய்தவனின் மேலதிகாரியிடம் அவனைப் புகழாமல் விடுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அவர் மரியாதை தெரிந்தவர். எல்லைக்கு வெளியே தண்ணீர் கொண்டுபோனதற்காக மதியத்துக்குள் ஃபோட்டிஸிடமிருந்து லாரி பிடுங்கப்பட்டது. உத்தரவில்லாமல் குழாயை விரித்த அர்கிரிஸுக்கு மரமே இல்லாத ஒரு தீவுக்கு மாற்றல் வந்தது. லாம்ப்ரோஸின் சாவி மாவட்டத் தலைநகரில் ஒரு இழுப்பறைக்குப் போனது. வசந்தம் வருவதற்குள் நெருப்பு மறுபடி செம்மறியாட்டின் அளவுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஆகஸ்டில் வடகாற்று வந்து நிற்காமல் வீசியது. ஒரு முற்பகலில் நெருப்பு எழுந்து நின்றது. அதன் உயரம் அதுவரை யாருக்கும் தெரியாது.

மூன்று துறைகளும் வந்தன, தாமதமில்லாமல் வந்தன. தீயணைப்பு வண்டிகள் சங்கிலிக்கு முன் நின்று சாவிக்காகக் காத்திருந்தன. சாவியை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வனத்துறைக் கார், பாதையை அடைத்து நின்ற தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் காத்திருந்தது. தண்ணீர் லாரிகள் எல்லை தாண்டும் அனுமதிக்காகக் காத்திருந்தன. லாம்ப்ரோஸ் கல்லால் பூட்டை அடித்து உடைத்தபோது சங்கிலி சுடச்சுட இருந்தது. சங்கிலிக்கு அந்தப் பக்கம் பாதையே இல்லை.

எங்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றினார்கள். படகிலிருந்து பொலிக்ஸேனிக்குப் போன் செய்தேன்.

"இன்னுமா கிளம்பல? பைத்தியமா உனக்கு?"

"வந்துட்டேண்ணே. கொஞ்சம் பெட்டிதான் பாக்கி. திறந்து விடாட்டி உள்ளேயே வெந்துடுங்க, பாவம்."

"வேகட்டும், நீ வா!"

"கத்தாத. படகுல எனக்கு ஒரு இடம் வை."

வைத்தேன். புகைக்கு மேலே தேனீக்கள் ஒரு பழுப்பு மேகமாக எழுந்து, எங்கள் தலைக்கு மேலே கடலைத் தாண்டிப் போயின. எல்லாப் பெட்டிகளையும் அவள் திறந்துவிட்டாள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். அந்த இடத்தில் யாரையும் உட்கார விடாமல் அக்கரை வரை போனேன்.

காடு முழுவதும் போயிற்று. நிழல்கள் மட்டும் போகவில்லை. மரம் ஒன்றுகூட இல்லாத சாம்பல் மேட்டில் பைன் மரங்களின் நிழல்கள் அப்படியே விழுந்து கிடந்தன, காற்றடித்தால் அசைந்தன. இலையுதிர்காலத்தில் மூன்று துறைத் தலைவர்களும் அதைப் பார்க்க வந்தார்கள், முதல் தடவையாக ஒரே காரில். சேர்ந்து நடந்தார்கள், சேர்ந்து அளந்தார்கள், ஒருவர் பிடித்த நாடாவின் மறுமுனையை மற்றவர் பிடித்தார். மரமில்லாததால் இது காடல்ல, எரியாததால் தீயல்ல, எல்லைக்கு வெளியே இருப்பதால் ஊருமல்ல என்று ஒருமனதாக முடிவு செய்து, ஒரே பேனாவால் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலை அரை மணியில் முடிந்தது.

கோடையில் ஊரில் வேறு நிழல் கிடையாது என்பதால் எல்லோரும் அங்கேதான் போகிறோம். லாம்ப்ரோஸ் நாற்காலி கொண்டுவருகிறான். நிழல்களுக்கு நடுவே, பெட்டிகளின் நிழல் மேல் குனிந்தபடி ஒரு பெண்ணின் நிழலும் இருக்கிறது. உச்சிவேளையில் குட்டையாக இருக்கும், சாயங்காலம் கடல் பக்கமாக நீளும். அதை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்லிக் குழந்தைகளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நான் மதியத்தில் அதன் பக்கத்தில் உட்காருகிறேன். அங்கே குளிர்ச்சியாக இருக்கிறது.