சோதனைப் பாதையில் இல்லாத மேடு

வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும் முன் குளிப்பாட்டித்தான் அனுப்பினார் கோட்ஹில்ஃப் ராப். சக்கர இடுக்குகளில் பழைய பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தார். இதை எதிர்வரிசை முழுக்கப் பார்த்தது. எங்கள் தெருவில் ஜன்னலுக்குத் திரை போடுவது வெளியே பார்ப்பதற்குத்தான்.

டீசல் வண்டிகளின் குட்டு ஊரெல்லாம் நாறிக்கொண்டிருந்த நேரம் அது. கம்பெனிக்காரர்கள் உள்ளே ஒரு கள்ள மென்பொருளை வைத்திருந்தார்களாம். அரசாங்கச் சோதனை நடக்கும்போது வண்டி சாமியார் மாதிரி மூச்சு விடும், ரோட்டில் இறங்கியதும் நச்சுப் புகையைக் கக்கும். இப்போது அதே கம்பெனி நல்ல மென்பொருள் போட்டுத் தருகிறதாம். இலவசம், அரை மணி வேலை. மலைமேல் இருக்கும் எங்கள் ஓபர்லவுகனில் அந்தக் கடிதம் வந்த வீடுகளில் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு மறந்துபோனார்கள். ராப் ஒருவர்தான் வந்த அன்றே போன் போட்டு நாள் வாங்கினார்.

அவர் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை கடை வாசலில் அடுத்த வண்டியை லேசாக உரசிவிட்டு, சொந்தக்காரர் வரும்வரை மழையில் நின்று மன்னிப்புக் கேட்டார். வந்தவருக்கு எங்கே உரசியது என்றே கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ராப்தான் குனிந்து காட்டினார்.

வண்டியை நம்பித்தான் அந்த வீடே இருந்தது. மனைவி லுயிட்கார்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று முறை கீழே பள்ளத்தாக்கு நகரத்துக்குப் போக வேண்டும். இறங்குவது சுலபம். துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்ட மனுஷியை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஏறி வருவதுதான் பாடு. இன்சூரன்ஸ் ஏற்பாடு செய்த டாக்சிக்காரர் கொஞ்ச நாள் வந்தார். அப்புறம் மேலே அனுப்ப டிரைவர் இல்லை என்று கையை விரித்துவிட்டார். மகள் ஆடல்ஹைட் கீழே மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். அவள் வீட்டில் ஓர் அறை காலி. "எப்போம்மா வர்றீங்க?" என்பதை அவள் வணக்கம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். லுயிட்கார்டோ, "என் வீட்டை விட்டு நான் ஏன் வரணும்? வண்டி ஓடுதுல்ல?" என்பாள்.

வண்டி ஓடியதுதான். பட்டறையிலிருந்து திரும்பி வந்த முதல் நாள் மூன்றாம் வளைவுவரை ஓடியது.

மலைச்சாலையில் செங்குத்தான வளைவு அது. திருப்பும்போது மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்கென்றது. என்ஜினின் உயிர் போனது போலக் குரல் இறங்கியது. ராப் மிதித்தார். மிதி அடிவரை போனதே தவிர வண்டிவரை போகவில்லை. பின்னால் வந்த டிராக்டர் ஒலி எழுப்பி முந்திக்கொண்டு போனது. ஓரங்கட்டி நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிற்று. விளக்கும் இல்லை.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை இரண்டு தடவை நின்றது. ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்மூடியிருந்த லுயிட்கார்ட், "இன்னைக்கு ரெண்டாவது வளைவா, மூணாவதா?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டறையில், டை கட்டிய பையன் ஒருவன் வண்டிக்குள் கம்பியைச் செருகித் திரையைப் பார்த்தான்.

"பதிவுல ஒரு குறையும் இல்லீங்களே, ஹெர் ராப்," என்றான் மரியாதையாக.

"மேட்டுல ஏறும்போதுதான் வருது தம்பி. நின்னு ஆறினதும் போயிடுது."

"நாங்க ஓட்டிப் பார்த்தோம். அருமையா ஓடுது."

"எங்க ஓட்டிப் பார்த்தீங்க?"

"இப்படியே ஆற்றங்கரை ரோட்டுல போய், ரவுண்டானாவுல திரும்பி வந்தோம்."

"அது சமதரை. என்கூட மேல வாங்க. மூணாவது வளைவு வரைக்கும் வந்தா போதும்."

பையன் நிஜமாகவே வருத்தப்பட்டான். "வரலாங்க. ஆனா சோதனை ஓட்டத்துக்குன்னு ஒரு பாதை இருக்கு. அந்த மேடு அதுல இல்ல."

ராப் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது லுயிட்கார்ட் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள் என்று சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டவர்கள் சொல்கிறார்கள். "முன்னாடியும் சோதனையில நல்லா இருந்துச்சு, ரோட்டுலதான் கெட்டுச்சு. இப்பவும் அதேதானே? அப்ப என்னத்தைத் திருத்தினாங்க?"

ராப்புக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. திரையில் குறை இல்லை என்றால் குறை தன்னிடம் இருக்குமோ என்று யோசித்தார். கியர் மாற்றும் விதத்தை மாற்றினார். விலை கூடிய டீசல் அடித்தார். பின்சீட்டிலிருந்த போர்வையைக்கூட எடுத்து உள்ளே வைத்தார், பாரம் குறையட்டுமென்று.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு லுயிட்கார்டின் தம்பி ஏபர்ஹார்ட் வந்தான். அதே கம்பெனியில் வேலை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கேதான், அதனால் கம்பெனியைக் குறை சொல்வது சம்பந்தி வீட்டைக் குறை சொல்வதுபோல, பந்தியில் கூடாது. ராப்பின் வண்டியே இவன் ஊழியர் சலுகையில் வாங்கி ஓர் ஆண்டு ஓட்டிவிட்டுத் தந்ததுதான். பிளம் கேக் தீரும்வரை ராப் பொறுத்தார்.

"மச்சான், அந்தப் பழைய மென்பொருளையே திருப்பிப் போட முடியுமா?"

ஏபர்ஹார்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அது சட்டப்படி குற்றம், மச்சான்."

"அப்ப போட்டிருந்தது?"

"அதுவும் குற்றம்தான். ஆனா அது கம்பெனி பண்ணது."

"கேஸ் போடறாங்களே, எல்லாரும் சேர்ந்து..."

"நீ போடப் போறியா? என் பேர்ல வாங்கின வண்டிக்கா?"

லுயிட்கார்ட் கேக் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கோட்ஹில்ஃப், அவனுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்து. வாய் அடைச்சிருக்கட்டும்." ராப் ஊற்றினார். வழக்கு அந்தக் கோப்பையோடு முடிந்தது.

இனிமேல்தான் பிர்மின் ஓக்ஸ்லே வருகிறான். பக்கத்து வீடு, கூரை வேய்கிறவன், மனைவி விட்டுப் போனவன். சனிக்கிழமை வாசல் பெருக்குவது எங்கள் ஊரில் தொழுகை மாதிரி. பிர்மின் பெருக்கியதை யாரும் கண்டதில்லை. ராப்தான் தன் பங்கையும் அவன் பங்கில் பாதியையும் பெருக்குவார். முழுவதும் பெருக்கினால் அவனுக்குச் சொரணை வராதாம். வருஷக்கணக்கில் அடுத்தடுத்து இருந்தும் இருவரும் இன்னும் நீங்க, வாங்கதான்.

ஆனால் அவனிடம் அதே கம்பெனி, அதே என்ஜின், அதே வயது வண்டி. வந்த கடிதங்களையெல்லாம் பிரிக்காமலே அடுப்பில் போட்டவன். வண்டி குதிரை மாதிரி மேடேறியது.

"நான் கூட்டிட்டு வர்றேனே அம்மாவை," என்றான் ஒருநாள், மூன்றாம் வளைவில் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து. "நம்ம வண்டி ஒழுக்கம் கெட்டது, ஹெர் ராப். அதனால நல்லா ஓடும்."

கைமாறாக ராப் தன் பின்கொட்டகையை அவன் வண்டிக்குத் திறந்துவிட்டார். அந்த இலையுதிர் காலம் முழுக்க லுயிட்கார்ட் பிர்மினின் வண்டியில், ஆணிப் பெட்டிக்கும் தார்ச்சுருளுக்கும் நடுவில், ராணி மாதிரி ஏறி வந்தாள். ராப் பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகளும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் மாவட்ட அலுவலகத்து ஆள் வந்தார். பிர்மின் அன்று கூட்டாளியின் வண்டியில் போய் வேறொரு ஊரில் கூரைமேல் இருந்தான். ராப் வாசலில் இலை அள்ளிக்கொண்டிருந்தார்.

"வணக்கம். ஓக்ஸ்லேங்கிறவரோட வண்டி இங்க எங்கயாவது நிக்குதா?"

எதற்கு என்று ராப்புக்குத் தெரியும். மென்பொருள் மாற்றாத வண்டிகளின் பதிவை முடக்குகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. மாடி ஜன்னலில் லுயிட்கார்ட் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தெரியாது என்று ஒரு சொல் போதும். அந்த மனிதரும் தேடி அலைகிற ரகமாகத் தெரியவில்லை. வாகாகச் சொல்லிவிட்டால் போய்விடுவார்.

"இருக்கு," என்றார் ராப். "பின்னாடி கொட்டகையில. தாழ்ப்பாள் கொஞ்சம் பிடிக்கும், தூக்கித் தள்ளணும்."

சொன்னதோடு விட்டாரா? தானே போய்த் தூக்கித் தள்ளினார்.

அலுவலர் குந்தி உட்கார்ந்து நம்பர் தகட்டிலிருந்த அரசாங்க முத்திரையை ஒரு சின்னக் கத்தியால் சுரண்டினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முத்திரை போனால் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. "உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்க வேலை எவ்வளவு லேசு," என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். ராப் முறத்தை எடுத்துவந்து உதிர்ந்த துணுக்குகளைக் கூட்டி அள்ளினார்.

லுயிட்கார்ட் படியிறங்கி வர நேரமாயிற்று.

"ஒரு வார்த்தை, கோட்ஹில்ஃப்."

"கேட்டாரே."

"நானும்தான் மேல இருந்து தலையாட்டினேன்."

"பார்த்தேன்."

"பொய் சொல்ல வராதுன்னா இருமித் தொலைக்கிறதுதானே. நீ இருமினா அவரே இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிருப்பாரு."

ராப் முறத்தைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு இரும வேண்டும் என்று தோன்றவேயில்லை. அதுதான் உண்மை. கேள்வி முடிந்தபோதே பதில் வாயில் இருந்தது.

பிர்மின் கத்துவான் என்று தெருவே காத்திருந்தது. அவன் தகட்டைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான். "தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டிருக்கலாம் நீங்க, ஹெர் ராப். பாவம், அவருக்குக் கை வலிச்சிருக்கும்." கத்தியிருந்தால் ராப் நன்றாகத் தூங்கியிருப்பார்.

மென்பொருளை மாற்றினால்தான் முத்திரை திரும்பக் கிடைக்கும். வண்டி இல்லாமல் ஏணியைத் தலையில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பினான். அரை மணி வேலை. இலவசம்.

முத்திரை ஒட்டித் திரும்பிய பிறகு முதல் சிகிச்சை நாள். கிளம்பும்போது பிர்மின், "ஒருவேளை நம்மளது பிழைச்சிக்கும். கெட்ட ரத்தம்," என்றான். ராப் ஆமோதித்து வேகமாகத் தலையாட்டினார். சிகிச்சை முடிந்து மூவரும் மேலே ஏறினார்கள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தாண்டியது.

மூன்றாவதில் மஞ்சள் விளக்கு மினுக்கென்றது.

பிர்மின் மிதியை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு ஓரங்கட்டினான். ராப் உடனே மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டார். பின்னால் திறந்து எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, சட்டத்தில் சொன்ன தூரத்தைக் காலால் அளந்தபடி சரிவில் இறங்கிப் போனார். காற்றில் அது விழுந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுபடி விழுந்தது. ஒரு கல்லைத் தேடி முட்டுக் கொடுத்தார். செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது லுயிட்கார்ட் போனில் மகளிடம் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தாள். "...ஆமா, அந்த அறைதான். இல்ல, திரை வேணாம், என்கிட்ட இருக்கு." போனை மடியில் வைத்தாள். ராப்பைப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை.

பிர்மின் சாவியைத் திருப்பினான். என்ஜின் ஒழுங்காக உறுமியது.

"விளக்கு அணைஞ்சிடுச்சு," என்றான். "ஒரு குறையும் இல்ல."

ராப் போய் முக்கோணத்தை எடுத்துவந்து மடித்து உறையில் போட்டார். பின்சீட்டில் ஏறி முழங்காலை மடக்கினார். வண்டி ஊர் எல்லைப் பலகையைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அப்ப சனிக்கிழமை நம்ம வாசலை யாரு பெருக்குறது?"

லுயிட்கார்ட் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பிர்மின் பெருக்குவாரு."

பிர்மின் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். ராப்பும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி," என்றான் பிர்மின்.